ஒருத்தியும் வாய் திறக்கவில்லை

மஞ்சள் டி-ஷர்ட்டோடு அவள் வீட்டுக்குள் நுழைந்ததுமே, காய் நறுக்கிக்கொண்டிருந்த சித்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள்.

"வழி விடுங்க, வழி விடுங்க! வக்கீலம்மா வர்றாங்க!"

"சும்மா இரு சித்தி."

"முதுகுல என்னமோ எழுதியிருக்கே, என்னடி அது?"

"நாளைய தலைவர்."

"நாளைக்குத்தானே? அப்ப இன்னிக்கு இந்தப் பூண்டை உரி."

வக்கீல் என்பது குடியிருப்பு அவளுக்கு வைத்த பேர். பால் பாக்கெட்டின் மூலையில் ஒரு சொட்டு கசிந்திருந்தால்கூடக் கடைக்காரரை வேர்க்க வைத்துவிட்டுத்தான் வருவாள். பத்தாம் வகுப்பு பரீட்சை எழுதி முடித்து, பதினொன்றில் அறிவியல் பிரிவுக்குக் காத்திருந்தாள். பெரிய ஆசையெல்லாம் இல்லை. மருந்துக்கடையில், கண்ணாடிக்குப் பின்னால், வெள்ளைக் கோட்டு போட்டு நிற்க வேண்டும். சீட்டைப் பார்த்ததும் எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று கை தானாகப் போக வேண்டும். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவு'க்குக் குறுக்கே இப்போது பள்ளிக்கூடமே வந்து படுத்திருந்தது.

தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் குடியிருப்பு. அந்தப் பக்கம் ஊர், கடைத்தெரு, பள்ளிக்கூடம். குடியிருப்பில் எல்லோரும் கோழி ஆலையில் வேலை செய்கிறவர்கள். தாத்தா காலத்தில் ஆலைக்காக லாரி லாரியாகக் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். மூன்று தலைமுறை ஆகியும் ஊர் அவர்களுக்கு வைத்த பேர் மாறவில்லை. 'வந்தவங்க'. வந்தவங்க தெரு, வந்தவங்க பஸ், வந்தவங்க பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகளை முன்னேற்றுவதற்குத்தான் ஓர் அறக்கட்டளை பள்ளிக்கு வந்தது. 'சிறுபான்மை மாணவர் தலைமைத் திட்டம்'. நடத்துகிறவளுக்கு மாணவர்கள் வைத்த பேர் மைக் அக்கா. அறையில் ஆறு பேர் இருந்தாலும் மைக் இல்லாமல் பேச மாட்டாள். நல்லவள்தான். எல்லோரையும் கட்டிப்பிடிப்பாள். கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக விழச் சொல்லி, மற்றவர்களைத் தாங்கிப் பிடிக்கச் சொல்வாள். நம்பிக்கைப் பயிற்சியாம். அப்புறம் 'என் கதை' என்று ஒன்று. அவரவர் பட்ட கஷ்டத்தை எழுந்து நின்று சொல்ல வேண்டும். "கண்ணீர் வர்ற இடத்துல கொஞ்சம் நிறுத்து. கேக்கறவங்களுக்கு மூச்சு விட நேரம் குடு" என்று சொல்லிக் கொடுப்பாள்.

இதே பள்ளிதான் போன வாரம் இன்னொரு குண்டையும் போட்டது. வரும் ஆண்டிலிருந்து குடியிருப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் புதிதாகத் தொழில் பிரிவு. தையல் மிஷின், பேக்கிங் மிஷின் எல்லாம் ஆலையே இலவசமாகத் தருகிறது. அறிவியல் பிரிவு அவர்களுக்குக் கிடையாது. ஒரே ஒரு முட்டுக்கட்டை. பெற்றோரைக் கூட்டி வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. பெற்றோர் ஆட்சேபித்தால் திட்டம் நிற்கும். கூட்டம் நாளைக் காலை.

"நாளைக்கு நான்தான் பேசப் போறேன்" என்றாள் பூண்டை உரித்துக்கொண்டே. "மைக் அக்கா பிரின்சிபால்கிட்ட அனுமதி வாங்கிட்டாங்க. மாணவர் சார்பா ஒருத்தர் பேசலாமாம்."

அம்மா ஆலையிலிருந்து வந்து கைகளை எண்ணெயில் ஊற வைத்திருந்தாள். நாள் முழுக்கக் குளோரின் தண்ணீரில் கிடந்த கை. தோல் உரிந்து சிவந்திருந்தது. "பயமா இல்லியாடி?"

"பயம் இல்லம்மா. ஆனா நீங்க எல்லாரும் வரணும். உங்க லைன்ல வேலை பாக்கறவங்க மொத்தமும்."

"வராம? அரை நாள் லீவு போட்டாச்சு." சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணில் ஒரு பழைய பளபளப்பு வந்தது. "ஆலையில பண்ணோமே, அதே மாதிரி பண்ணிடுவோம்."

ஆலையில் பண்ணியதை அந்தக் குடியிருப்பில் தெரியாதவர்கள் கிடையாது. ஐஸ் தண்ணீரில் கோழி கழுவும் பெண்களுக்கு ஆலை கையுறை தர மறுத்தது. ஒரு நாள் வேலை தொடங்கும் முன் சித்தி மேனேஜர் முன்னால் போய் நின்று பேசினாள். பின்னால் லைன் மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. "இவளுக்கு மட்டும்தான் குறையா, வேற யாருக்காவது இருக்கா? சொல்லுங்க" என்று மேனேஜர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒருத்தியும் மூச்சு விடவில்லை. பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிய கோழிகள் மட்டும்தான் கத்தின. இவர்கள் கை வைக்காவிட்டால் பெல்ட் ஓடாது என்று மேனேஜருக்குப் புரிந்துவிட்டது. அன்று சாயங்காலமே கையுறை வந்தது.

"ஒருத்தி வாயத் தொறந்திருந்தா போச்சு" என்றாள் சித்தி, நூறாவது முறையாக. "தனியா பேரம் பேச வந்தவன்னு நெனச்சு அவளுக்கு மட்டும் ஏதாவது குடுத்து லைனை உடைச்சிருப்பான். நம்ம சார்பா ஒருத்தி பேசறப்ப இன்னொருத்தி பேசினா, முன்னால நிக்கறவளை நம்பலன்னுதானே அர்த்தம்?"

"முன்னால நிக்கறவளே பயந்துபோயித் திரும்பிப் பாத்தா?" என்று கேட்டாள் அம்மா.

"அப்பத்தான் இன்னும் இறுக்கமா நிக்கணும். நான் திரும்பிப் பாத்தேனே, நீ அசைஞ்சியா?"

"இல்ல."

"அதான்."

வக்கீலுக்கும் அது சரியாகத்தான் பட்டது. கூட்டமாகக் கத்தினால் 'வந்தவங்க வந்து ரகளை பண்ணிட்டாங்க' என்று ஊர் பேசும். ஒரு குரல், பின்னால் ஒரு சுவர். இதைவிட வேறென்ன வேண்டும்?

"அப்ப நாளைக்கு யாரும் வாயத் தொறக்காதீங்க" என்றாள் அவளே, தன் வாயால். "நான் பாத்துக்கறேன்."

*

பள்ளி அரங்கத்தில் ஃபேன்கள் சத்தம் மட்டும் போட்டன, காற்று வரவில்லை. மேடையில் பிரின்சிபால். பக்கத்தில் ஆலையிலிருந்து வந்த ஓர் அதிகாரி. ஓரத்தில் மைக் அக்கா, கையில் மைக்கோடு. கீழே குடியிருப்பு முழுக்க வந்திருந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைகள், துவைத்து மடிப்புக் கலையாத உடைகள். எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாத அந்தக் குளோரின் வாடை.

பிரின்சிபால் சுருக்கமாக முடித்தாள். கையில் தொழில் இருந்தால் பிள்ளைகள் பள்ளி முடித்த மறுநாளே சம்பாதிக்கலாம். ஆலை வேலை உறுதி.

பிறகு வக்கீல் எழுந்தாள்.

அவள் நன்றாகப் பேசினாள். அதில் சந்தேகமே இல்லை. "மேடம், ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே எங்களுக்கு எந்தப் பிரிவுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா பரீட்சை எதுக்கு மேடம்?" என்றபோது ஆலை அதிகாரி நெளிந்தார். "எங்க தெரு ஒல்லி கெமிஸ்ட்ரில வகுப்பிலேயே முதல் மார்க். அவ தையல் மிஷின்ல உக்காந்து என்ன மேடம் பண்ணுவா? நூலுக்குச் சமன்பாடு எழுதுவாளா?" என்றபோது மைக் அக்கா சத்தமாகவே சிரித்துவிட்டாள். "தையல் தப்பில்ல. அது மட்டும்தான்னு சொல்றதுதான் தப்பு. விருப்பப்பட்டவங்க அங்க போகட்டும். மார்க் எடுத்தவங்களுக்கு அறிவியல் குடுங்க. நாங்க சலுகை கேக்கல, வரிசையில நிக்கறோம். எங்க முறை வர்றப்ப கதவைச் சாத்தாதீங்க."

அவள் முடித்தாள். அரங்கம் அமைதியாக இருந்தது. அருமையான அமைதி.

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் கெட்டவள் இல்லை, அவசரக்காரி. "நல்லா பேசினம்மா. ஆனா இது பெற்றோர் கூட்டம். நான் அவங்க கருத்தைத்தான் கேக்கணும்." குரலை உயர்த்தினாள். "இந்தப் பொண்ணு சொன்னதை ஒத்துக்கறவங்க எந்திரிச்சு சொல்லுங்க. ஒருத்தர் சொன்னாலும் போதும், நான் பதிவு பண்றேன்."

யாரும் எழவில்லை.

"யாரும் இல்லியா?"

மேனேஜர் கேட்ட அதே கேள்வி. ஆனால் அதே கேள்வி இல்லை! மேனேஜர் ஆளை உடைப்பதற்குக் கேட்டான். இந்த அம்மா நிஜமாகவே கேட்கிறாள். இங்கே நின்றுபோக எந்த பெல்ட்டும் இல்லை. இவர்கள் பேசாமல் இருந்தால் இந்த அம்மாவுக்கு ஒன்றும் குறையப் போவதில்லை.

சட்டென்று திரும்பினாள். அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் சித்தி.

"சித்தி, எந்திரி. சொல்லு."

சித்தி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பாசத்தை என்னவென்று சொல்வது! 'பயந்துட்டியா கண்ணு? நாங்க இருக்கோம்' என்றது அந்தப் பார்வை. உதடுகளை இன்னும் அழுத்தி மூடிக்கொண்டாள்.

"அம்மா! எந்திரிம்மா! ஒரு வார்த்தை சொல்லும்மா!"

அம்மா கண்ணை மட்டும் ஒரு முறை மூடித் திறந்தாள். தைரியம் சொல்கிறாளாம். கட்டிய கை கட்டியபடி.

"வற்புறுத்தாதேம்மா" என்றாள் பிரின்சிபால், மெதுவாக. உண்மையிலேயே இரக்கத்தோடு. "ஆட்சேபம் இல்லைன்னு எழுதிக்கறேன். எல்லாருக்கும் வெளியில டீ இருக்கு."

"இல்ல மேடம், அவங்க ஒத்துக்கறாங்க! பேசாம இருந்தா எங்க வழக்கத்துல அதுக்கு..."

நாற்காலிகள் இழுபடும் சத்தத்தில் மீதி அமுங்கிப்போனது. மைக் அக்காவின் கையில்தான் மைக் இருந்தது. அவள் அதை நீட்டவில்லை. கண் கலங்கிப்போய் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

*

"பாத்தியாடி!" குடியிருப்புக்குள் நுழைவதற்கு முன்பே சித்தி அவளைத் தூக்கிச் சுற்றினாள். "எத்தனை தடவை கேட்டாங்க! ஒருத்தி வாயத் தொறந்தாளா? ஒருத்தி?"

"மூணாவது வீட்டு அக்காவுக்கு இருமல் வந்துச்சு. அதைக்கூட முழுங்கிட்டா" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். கல்யாண வீடு மாதிரி இருந்தது. யாரோ பிஸ்கட் பாக்கெட் பிரித்தார்கள்.

"நீதான் கொஞ்சம் ஆடிப்போயிட்ட."

"மொத தடவை இல்லியா, சரியாயிடும்."

"பேச்சு எப்படி! அந்த ஆலைக்காரன் மூஞ்சியப் பாத்தியா? எலுமிச்சம்பழம் கடிச்ச மாதிரி!"

வக்கீல் வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம். 'நீங்க பேசாம இருந்ததாலதான் போச்சு' என்று ஒரே வரி. அம்மாவைப் பார்த்தாள். ஆலையில் தலை நிமிராமல் வேலை பார்க்கிற அம்மா, இன்று ஊருக்குள் போய் ஒரு பெரிய காரியத்தில் மகளுக்குப் பின்னால் அசையாமல் நின்றுவிட்டு வந்திருக்கிறாள். கன்னமெல்லாம் மின்னியது.

வக்கீல் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள். மண்ணைத் தின்பது போலிருந்தது.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். குடியிருப்பு மாணவர் அனைவருக்கும் தொழில் பிரிவு. பெற்றோர் ஒருமனதாக ஒப்புதல்.

"அந்த பிரின்சிபாலம்மாவுக்கு நெஞ்சு இரும்பு" என்றாள் சித்தி. "மேனேஜரே தேவலாம்." அவ்வளவுதான் அவர்களுக்குப் புரிந்தது.

மைக் அக்கா மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். காலி வகுப்பறை. அன்று கையில் மைக் இல்லை; அதனாலேயே வேறு யாரோ போலிருந்தாள்.

"அந்தக் கூட்டத்துலேர்ந்து ராத்திரி தூக்கமே வரல எனக்கு. உன் முகமே வந்துட்டிருந்துச்சு. பெத்த அம்மாவே எந்திரிக்கலையே!"

"அக்கா, அது அப்படி இல்ல. எங்க ஆலையில ஒரு பழக்கம். ஒருத்தர் பேசினா மத்தவங்க..."

"எனக்குப் புரியுது." மைக் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க பயந்தவங்க. அவங்க மேல கோவமே இல்ல எனக்கு. ஆனா நீ வேற. நீ தனியா நின்ன. அதுதான் தலைமை."

"நான் தனியா நிக்கலக்கா!"

"நல்ல செய்தி ஒண்ணு சொல்லட்டா? அறக்கட்டளைத் தலைவர்கிட்ட பேசினேன். அறிவியல் பிரிவுல ஒரு இடம். எங்க திட்டத்தோட சிறந்த மாணவிக்குன்னு. ரெண்டு வருஷச் செலவும் அவங்களே பாத்துக்குவாங்க. பிரின்சிபாலும் சரின்னுட்டாங்க." மைக் அக்காவின் முகம் விளக்கு போட்டது போல் இருந்தது. "வர்ற வெள்ளிக்கிழமை எங்க அறக்கட்டளை ஆண்டு விழா. நன்கொடையாளர்கள் எல்லாம் வர்றாங்க. நீ உன் கதையைச் சொல்லணும். அந்தக் கூட்டம், நீ பேசினது, ஒருத்தர்கூட எந்திரிக்காதது. நானே எழுதித் தரேன்."

"ஒல்லிக்கு என்னைவிட மார்க் அதிகம்."

"ஒல்லிக்குக் கதை இல்லியேம்மா."

"நான் உண்மையைச் சொன்னா? அவங்க எனக்காகத்தான் பேசாம இருந்தாங்கன்னு?"

மைக் அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "சொல்லலாம். ஆனா கேக்கறவங்களுக்குக் குழப்பமா இருக்கும்டா. தலைவர் மேடத்துக்கு நான் ஏற்கெனவே ஒரு மாதிரி சொல்லிட்டேன். அதுக்காகத்தான் இந்த இடமே வந்துச்சு. மாத்தினா... எனக்குத் தெரியல." பிறகு மெதுவாக, "ஒரு இடம்தான் கண்ணு. விட்டுட்டா அதுவும் போயிடும்."

வெள்ளைக் கோட்டு. கண்ணாடி. மருந்து அலமாரி.

மூணு நாள் அவள் யாரோடும் வாதாடவில்லை. பால்கார அண்ணன்கூடக் கேட்டார், "என்ன வக்கீலே, உடம்பு சரியில்லியா?"

"எனக்கு அறிவியல் கிடைச்சிருக்கும்மா" என்று மட்டும் வீட்டில் சொன்னாள். அம்மா அழுதேவிட்டாள். சித்தி தெருவுக்கே அறிவித்தாள்: "நம்ம லைன்லேர்ந்து ஒருத்தி உள்ள பூந்துட்டா!" ஒல்லி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "உன் புஸ்தகத்தை எனக்கும் குடுப்பியாடி? சும்மா படிச்சுப் பாக்கறதுக்கு" என்றாள்.

"வெள்ளிக்கிழமை விழாவுக்கு நீங்க யாரும் வர வேணாம்" என்றாள் வக்கீல். "வெறும் மீட்டிங்தான். போரடிக்கும்."

*

அவர்கள் வந்தார்கள். வராமல் இருப்பார்களா?

அவள் மேடையேறியபோதுதான் கவனித்தாள். நன்கொடையாளர்களின் மெத்தை நாற்காலிகளுக்குப் பின்னால், அம்மாவும் சித்தியும் லைன் பெண்களும். அவளைப் பார்த்ததும் சித்தி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். மைக் அக்கா எழுதித் தந்த காகிதத்தைப் பிரித்தாள். மைக் அக்கா ஓரத்திலிருந்து புன்னகைத்து, மூச்சை உள்ளே இழுத்துக் காட்டினாள். 'நிதானமா.'

படித்தாள்.

குடியிருப்பைப் பற்றிப் படித்தாள். குளோரின் வாடையைப் பற்றிப் படித்தாள். முன் வரிசையில் ஒரு பெண்மணி கைக்குட்டையை எடுத்தாள். "அம்மாவின் உரிந்த கைகள்" என்று வந்தபோது லைன் பெண்கள் அம்மாவை இடித்துச் சிரித்தார்கள். அம்மா வெட்கப்பட்டுக் கையை மறைத்துக்கொண்டாள்.

அடுத்த பத்தி. அதைத் தாண்டிவிடலாம். ஒரு வினாடி, கண் கீழே இறங்கி முடிவைத் தேடியது. மெத்தை நாற்காலியில் அறக்கட்டளைத் தலைவர் கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தாள். அந்தப் பத்திக்காகத்தான் காத்திருந்தாள்.

"அன்று அந்த அரங்கத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். என் மக்களில் ஒருவர்கூட எனக்காக எழுந்து நிற்கவில்லை. என்னைப் பெற்ற தாயும்கூட." அவள் நிறுத்தினாள். கேட்பவர்கள் மூச்சு விட நேரம் கொடுத்தாள். "அன்றுதான் தனியாக நிற்கக் கற்றுக்கொண்டேன்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. லைன் பெண்களும் தட்டினார்கள். எல்லோரும் தட்டுகிறார்களே என்று தட்டினார்கள். பிறகு ஒவ்வொரு ஜோடிக் கையாக நின்றது. சித்தி பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ கேட்டாள். அவள் பதில் சொன்னாள். சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியாக நின்றது அம்மாவின் கை.

விழா முடிந்து சித்தியும் மற்றவர்களும் முன்னால் போய்விட்டார்கள். "ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அம்மா மட்டும் வாசல் கேட் பக்கம் காத்திருந்தாள். இருவரும் நடந்தார்கள். கடைத்தெரு தாண்டியது. தண்டவாளம் வந்தது. கேட் மூடியிருந்தது, ஒரு சரக்கு ரயில் முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அது போகும்வரை பேசாமலிருக்க ஒரு சாக்கு கிடைத்தது இருவருக்கும்.

கடைசிப் பெட்டியும் போனது.

"நாங்க நிக்கலியாடி?" என்று கேட்டாள் அம்மா.

குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் வாதாடியிருக்கலாம். வழி தெரியாதவர்கள் வழி கேட்பது மாதிரி கேட்டாள்.

வக்கீல் கையிலிருந்த காகிதத்தை மடித்தாள்.

"நாங்க பேசாததாலதான் போச்சா? அப்பவே உனக்குத் தெரியுமா? அங்கயே?"

தலையாட்டினாள்.

"வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமே. திரும்பப் போயி, கத்தியிருப்போமே. எங்களுக்கு என்ன தெரியும்? நீதானே சொன்ன, வாயத் தொறக்காதீங்கன்னு."

ரயில்வே கேட் உயர்ந்தது. சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு இருபுறமும் விலகிப் போயின. அம்மா உரிந்த கையால் முந்தானையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள். வேர்வையைத் துடைப்பது போலத்தான் துடைத்தாள்.

"சரி, விடு" என்றாள். "வெள்ளைக் கோட்டு லேபுக்கு மொத நாளே வேணுமா, அப்புறமா வாங்கிக்கலாமா?"